எண்பத்திரண்டு டிகிரி

பெரிய சமையலறைகளில் இருக்கும் பாத்திரம் கழுவும் மிஷின்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலைதான். ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், கேண்டீன் என்று எங்கெல்லாம் நூறு பேர் சாப்பிடுகிறார்களோ அங்கெல்லாம் பின்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறுகிறவன் நான். இப்போது எழுதுவது என் அண்ணியைப் பற்றி. ஆனாலும் என்னைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் அதிகம், தைரியம் குறைவு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவன் வீட்டில் மட்டும்தான் சத்தம் போடுவான்.

அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயதில் ஒரு நாள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங் மேல் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அண்ணிக்கு அப்போது முப்பத்தொன்று. பிள்ளைகள் இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "நான் இருக்கும்போது அண்ணி எங்க போவாங்க?" என்று சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் மார் தட்டியவன் நான். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையல்கட்டு. மார் தட்டுகிற நேரத்தில் அறைகளை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

ஒன்பது வருஷம் அண்ணி அந்த ஹாலில் படுத்தார். நாங்கள் டிவியை அணைக்கும்வரை அவருக்குப் படுக்க இடம் கிடையாது. நாங்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் பாயைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகிவிடுவார். துணி மாற்ற வேண்டுமென்றால் குளியலறை. அழ வேண்டுமென்றாலும் குளியலறைதான், அங்கேயும் யாராவது வந்து கதவைத் தட்டுவோம். என் மனைவி அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, அதையும் சொல்ல வேண்டும். "அக்கா, நீங்க எதுக்கு இதெல்லாம் இழுத்துப் போட்டுக்கிட்டு?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். அண்ணி சமைப்பார், துவைப்பார், என் இரண்டு பெண்களுக்கும் தலை பின்னிவிடுவார், ஐந்து பேர் சாப்பிட்ட பாத்திரத்தையும் துலக்கி வைப்பார். உலகத்துப் பாத்திர மிஷின்களையெல்லாம் சரி பண்ணுகிற என் வீட்டில் ஒரு மிஷின் கிடையாது. தேவைப்படவில்லை.

நான் வழக்கமாகப் போகும் இடங்களில் ஒன்று முதியோர் இல்லம். நான்கு மாடி, நூற்றுப் பத்துப் பேர். அங்கே பாத்திரம் கழுவும் ஆள் நின்றுவிட்டதாகவும், வருகிற ஆளுக்குத் தங்க அறை உண்டு என்றும் கேள்விப்பட்டேன். வீட்டில் வந்து சொன்னேன். அண்ணி கையிலிருந்த துணியைக்கூடக் கீழே வைக்காமல், "அறைக்குக் கதவு இருக்கா தம்பி?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கதவு இல்லாத அறை எங்கே இருக்கிறது என்று சிரித்து மழுப்பினேன்.

படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கிற அறைக்குப் பின்னால், எட்டுக்கு ஒன்பது அடியில் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, சைக்கிள் நிறுத்துகிற இடத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். அதைவிட நல்ல அறைகளில் நான் ஸ்பேனர்களைப் போட்டு வைத்திருக்கிறேன். அங்கே குடிபோன ஒரு வாரத்துக்குள் அண்ணி எங்கள் வீட்டுக்கு ஃபோன் பண்ணி, "நேத்து மத்தியானம் உள்ள தாப்பா போட்டுட்டு ரெண்டு மணி நேரம் தூங்கினேன், யாரும் எழுப்பல" என்றார். லாட்டரி விழுந்த ஆள்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். என் மனைவி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அங்கே பதினொரு வருஷம் வேலை பார்த்தார். அந்த மிஷின் ஆள் உயரம் இருக்கும். தட்டுகளை அடுக்கி உள்ளே தள்ளி, மேலிருக்கும் மூடியைக் கீழே இழுத்தால் வேலை செய்யும். முடிந்ததும் மூடியைத் தூக்கினால் குப்பென்று ஆவி கிளம்பி முகத்தில் அடிக்கும். அண்ணி மூக்குக் கண்ணாடி போடுகிறவர். ஒவ்வொரு தடவையும் கண்ணாடி வெள்ளையாகிவிடும். தடவித் தடவித் தட்டை எடுப்பார், அப்புறம் முந்தானையில் துடைத்துக்கொள்வார். ஒரு நாளைக்கு நூறு தடவை. அதனால் அங்கே எல்லாரும் அவரைக் கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சமையற்காரர், "அக்கா, உங்க கண்ணாடிக்கு ஒரு வைப்பர் போடச் சொல்லுங்க மெக்கானிக்கை" என்று கிண்டல் பண்ணுவார். அந்த மெக்கானிக் நான்தான். நாங்கள் உறவு என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் தெரிந்திருந்த மேலாளர் மாறிப் போய்விட்டார். நான் வேலை பார்க்கும் சர்வீஸ் கம்பெனிக்குத் தெரிந்தால் வேறு ஆளை அனுப்புவார்கள், அதனால் அண்ணி என்னை அங்கே "சார்" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். அவர் ஒரு நாளும் சிரித்ததில்லை.

இனி மிஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவுவது பெரிய விஷயம் இல்லை. கடைசியாக ஒரு தடவை சுத்தமான தண்ணீரை எண்பத்திரண்டு டிகிரியில் பீய்ச்சி அலசுமே, அதில்தான் கிருமி சாகும். வயதானவர்களுக்கு வயிறு பஞ்சு மாதிரி. அந்த அலசல் சுடவில்லையென்றால் தட்டு பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் ஒருவர் வாயில் இருந்ததை இன்னொருவர் வாய்க்குக் கொண்டு போய்ச் சேர்க்கும். புது மாடல்களில் தண்ணீர் சுடும்வரை மிஷின் நகராது. இது பழைய மாடல். சுட்டாலும் சுடாவிட்டாலும் நேரம் ஆனால் மணியடித்து வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். நம் ஆட்கள் நிறையப் பேர் மாதிரி.

அதனால் முன்பக்கத்தில் டிகிரி காட்டும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. பக்கத்துச் சுவரில் ஒரு தாள் தொங்கும். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் கட்டத்தைப் பார்த்து டிகிரியை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணி எட்டாவது வரை படித்தவர். எண்களைக் குண்டு குண்டாக, ஒன்றின் மேல் ஒன்று இடிக்காமல் எழுதுவார். பதினொரு வருஷம் கட்டத்தில் என்ன இருந்ததோ அதைத்தான் எழுதினார்.

ஒரு நாள் காலையில் மூடியைத் தூக்கினார், கண்ணாடி வெள்ளையாகவில்லை. கட்டத்தைப் பார்த்தார். முப்பத்தாறு.

நேராகச் சூப்பர்வைசரிடம் போனார். அந்த மனுஷன் காதில் எப்போதும் ஒரு பேனா செருகியிருப்பான். வேலைக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயரே பேனாதான். சமையலறை வாசலில் அவன் ஒரு பலகை மாட்டி வைத்திருந்தான். "புகார் இல்லாத நாட்கள்" என்று எழுதி, கீழே எண்ணை மாற்றிக்கொள்ள வசதியாகக் கொக்கி போட்ட பலகை. அப்போது இருநூற்றுப் பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தது. முந்நூற்று அறுபத்தைந்து வந்தால் தலைமை அலுவலகத்தில் கூப்பிட்டுக் கைகுலுக்குவார்களாம்.

"முப்பத்தாறுன்னு எழுதித் தொலைச்சிடாத அக்கா, அடுத்த வாரம் ஆடிட் வருது. எம்பத்திரண்டுன்னே போடு. நான் ரிப்பேர் ஆளுக்குச் சொல்லிடறேன்."

"சுடாததைச் சுட்டுச்சுன்னு எப்படிப் போடறது?"

"ரெண்டு நாள்தானே. உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேலை என்றால் அண்ணிக்கு அறை. எண்பத்திரண்டு என்று எழுதினார். இரண்டு நாள் இரண்டு வாரம் ஆயிற்று. பேனா ஆளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அது புகாராகப் பதிவாகும், பலகையில் பூஜ்யத்தை மாட்ட வேண்டும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அந்த ஞாயிறு வந்தார். சாப்பிட்டுவிட்டு நான் சோபாவில் சாய்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார். "தம்பி, நம்ம மிஷின் சுடவே மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பார்க்கறீங்களா?"

"புகார் நம்பர் வந்துச்சா?"

"அவரு பண்றேன் பண்றேன்னே சொல்லிக்கிட்டிருக்காரு."

"நம்பர் இல்லாம நான் மிஷின்ல கை வைக்க முடியாது அண்ணி. கம்பெனி ரூல். போன மாசம்தான் ஒருத்தனை வேலைய விட்டு அனுப்பினாங்க, தெரிஞ்ச இடத்துல சும்மா திறந்து பார்த்தான்னு."

"கை வைக்க வேண்டாம். சும்மா பார்த்துட்டு, ஆபீஸ்ல நீங்களா ஒரு வார்த்தை சொன்னா..."

"ஐயோ, என்னை மாட்டி விடாதீங்க. அந்த ஆளைப் போட்டு நச்சரியுங்க, பண்ணுவான்."

அண்ணி தலையாட்டினார். பிறகு சமையல்கட்டுக்குப் போனார். தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது. விருந்தாளியாக வருகிற நாளிலும் எங்கள் வீட்டுப் பாத்திரத்தை அவர்தான் துலக்குவார் என்பதை இப்போதுதான் எழுதிப் பார்க்கிறேன்.

பத்து நாள் கழித்து ஃபோனிலும் ஒரு தடவை சொன்னார். நான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன். வண்டி நின்றுகொண்டிருந்தது.

அண்ணி சும்மா இருக்கவில்லை. சமையல் முடிந்து அடுப்பு காலியாகும்போது பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கழுவிய தட்டுகளை அதில் முக்கி முக்கி எடுத்தார். சமையற்காரர் கத்தினார், அவருக்கு ராத்திரிச் சமையலுக்கு அடுப்பு வேண்டும். எல்லாத் தட்டையும் முக்க நேரம் கிடைக்கவில்லை. மூன்றாவது மாடியில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் இருபத்தாறு பேர். அவர்களுடைய தட்டு, டம்ளர், ஸ்பூனை மட்டும் தனியாகப் பிரித்துத் தினமும் மூன்று வேளையும் கொதிநீரில் முக்கினார். இரண்டு கையும் முழங்கைவரை சிவந்து தோல் உரிந்திருந்தது. அதைப் பிறகுதான் பார்த்தேன்.

ஐந்தாவது வாரம் இல்லத்தில் வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. இரண்டே நாளில் பதினெட்டுப் பேர் படுத்துவிட்டார்கள். நாலு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். யாருக்கும் உயிருக்கு ஆபத்து இல்லை, அந்த மட்டும் தப்பித்தோம். சுகாதாரத் துறையிலிருந்து வந்தவர்கள் சாப்பாட்டைச் சோதித்தார்கள், தண்ணீரைச் சோதித்தார்கள், கடைசியில் கழுவி அடுக்கியிருந்த தட்டுகளைப் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். கிருமி தட்டில்தான் இருக்கிறது என்று முடிவு வந்தது. "அந்தக் கண்ணாடி அக்காவுக்குப் பார்வை மங்கிடுச்சு சார், ஒழுங்காத் தேய்க்கிறதில்ல" என்று பேனா வாய் கூசாமல் சொன்னான். அன்றைக்குத்தான் எங்கள் ஆபீசுக்குப் புகார் வந்தது. எனக்கு நம்பர் கிடைத்தது.

கருவிப் பையோடு போனேன். அண்ணி ஓரமாக நின்று "வாங்க சார்" என்றார். பேனா என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றான்.

தண்ணீர் சுடவில்லை என்றால் பார்க்க வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. முதலில் கட்டம் பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். என் தெர்மாமீட்டரை அலசல் தண்ணீரில் பிடித்தேன். முப்பத்தாறு. கட்டமும் முப்பத்தாறு, அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சுவரில் மின்சார சுவிட்ச் விழவில்லை. பின்பக்கம் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு, மிஷின் அதிகமாகச் சூடானால் தானாகத் துண்டித்துக்கொள்வதற்கு. அழுத்திப் பார்த்தேன், அதுவும் சரியாக இருந்தது. ஹீட்டருக்குக் கரண்ட் விடுகிற ரிலே டக்கென்று ஒழுங்காகப் பிடித்தது. ஆனால் ஹீட்டருக்குப் போகிற ஒயரைச் சுற்றி மீட்டரைக் கவ்வ விட்டால், ஒரு சொட்டுக் கரண்ட் ஓடவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுப் பின் தகட்டைக் கழற்றினேன்.

ஹீட்டர் நன்றாகத்தான் இருந்தது. அதன் முனையில் ஒயரைப் பிடிக்கிற திருகு தளர்ந்து, பொறி பறந்து பறந்து முனை கரிந்து, ஒயர் அறுந்து தனியாகத் தொங்கியது. இருபது நிமிஷ வேலை. கரிந்ததை வெட்டிவிட்டுப் புது முனை போட்டு இறுக்கினால் முடிந்தது. அந்தத் திருகை வருஷத்துக்கு ஒரு தடவை இறுக்க வேண்டும் என்று எங்கள் பராமரிப்புத் தாளில் ஒரு வரி இருக்கிறது. ஏழு மாதம் முன்னால் அந்த வரிக்கு எதிரே டிக் போட்டவன் நான். இறுக்கினேனா என்றால், டிக் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான் தெரியும்.

கரிந்த இடத்தின் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அப்பளம் மாதிரி ஏடு கட்டியிருந்தது. நேற்று அறுந்த ஒயரில் அப்படிப் படியாது. பேனாவும் அதை எட்டிப் பார்த்தான். காதிலிருந்த பேனாவை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டு, "நேத்துதான் அறுந்ததுன்னு எழுதிடுங்களேன் சார். எல்லாருக்கும் நல்லது" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆள் தப்பித்துக்கொண்டு, கண் தெரியாதவள், தேய்க்கத் தெரியாதவள் என்று பழியைத் தூக்கி என் அண்ணி தலையில் போடப் பார்க்கிறான். விடுவேனா? ரிப்போர்ட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "ஹீட்டர் இணைப்பு குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே அறுந்துள்ளது. அன்று முதல் தண்ணீர் சூடாகவில்லை. கோளாறு இயந்திரத்தில், கழுவியவரிடம் இல்லை." கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மேலாளரின் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வரும்போது அண்ணியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தேன். எல்லாம் பார்த்துக்கொண்டேன் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் நான் நெஞ்சு நிமிர்ந்து எழுதிய ரிப்போர்ட் அது ஒன்றுதான்.

மறுநாள் விசாரணை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேலாளர் முப்பத்தைந்து வயதுப் பெண். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அண்ணியிடம் "உட்காருங்கம்மா" என்றார். அண்ணி நின்றுகொண்டே இருந்தார். மேலாளர் என் ரிப்போர்ட்டை மேஜையில் விரித்தார். பக்கத்தில், சுவரிலிருந்து கழற்றிய தாள்களைப் பரப்பினார். ஐந்து வாரம். எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு. எல்லாம் குண்டு குண்டாக, ஒன்றின் மேல் ஒன்று இடிக்காமல். ஒவ்வொன்றுக்கும் கீழே கையெழுத்து.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தாள் சுவரில் தொங்குவது எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை போகும்போதும் பார்த்திருக்கிறேன். நேற்று நின்று எழுதியதே அதற்கு அரை அடி தள்ளித்தான். மிஷினுக்குள் இருக்கிற ஒயரையெல்லாம் நோண்டிப் பார்த்தவனுக்குச் சுவரில் இருந்த தாளைப் பார்க்கத் தோன்றவில்லை. பேனா சொன்ன பொய்யை எழுதியிருந்தால் அந்தத் தாள் உண்மையாகியிருக்கும், அண்ணி தப்பித்திருப்பார்.

"ஒரு மாசமா தண்ணி சுடவே இல்லன்னு இவர் எழுதியிருக்கார். நீங்க தினமும் மூணு வேளை எம்பத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்க. இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"சூப்பர்வைசர்தான் அப்படிப் போடச் சொன்னாரு."

"நான் எப்பவும் பார்த்ததை எழுதுன்னுதான் மேடம் சொல்லியிருக்கேன்" என்றான் பேனா. கையில் உருட்டிய பேனா மறுபடி காதுக்குப் போயிருந்தது.

"நான் மூணாவது மாடித் தட்டையெல்லாம் வெந்நீர் வச்சு முக்கித்தான் அனுப்பினேன். அங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைங்களே" என்றார் அண்ணி. கைகளை நீட்டிக் காட்டினார்.

அது உண்மை. பதினெட்டுப் பேரில் ஒருவர்கூட மூன்றாவது மாடி இல்லை. மேலாளர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம் அண்ணியின் கைகளையும் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்படின்னா சுடலைன்னு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் மத்த மூணு மாடிக்கும் அனுப்பியிருக்கீங்க" என்றார்.

அண்ணி நீட்டிய கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"சூப்பர்வைசரைத் தவிர வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா? யாராவது ஒருத்தர் ஆமான்னு சொன்னாக்கூட நான் மேல எழுதிக் கேட்கலாம்."

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான்தான் சொல்ல வேண்டும். சொன்னால் உறவு வெளியே வரும், தெரிந்தும் புகார் பதியாதவன் என்று கம்பெனி என்னை வேலையை விட்டு அனுப்பும், ஏழு மாதம் முந்தைய டிக்கைத் தோண்டி எடுப்பார்கள். இதெல்லாம் யோசிக்க எனக்கு இரண்டு விநாடி போதுமானதாக இருந்தது.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முன்னாடியே ஏதாவது தகவல் வந்துச்சா சார்?"

"எங்க கம்பெனியில எந்தப் புகாரும் பதிவாகல மேடம்" என்றேன்.

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அந்த வாக்கியத்தைச் செய்து முடித்த என் வாய்க்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

அன்று சாயங்காலத்துக்குள் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பேனாவுக்கு எச்சரிக்கைக் கடிதம். பலகையில் பூஜ்யம் மாட்டினார்கள், அவனுக்கு அதுவே பெரிய தண்டனை. நான் கம்பெனி வேனைப் பின்வாசலில் நிறுத்திவிட்டு அண்ணியின் அறைக்குப் போனேன். டிரங்குப் பெட்டி கட்டில் மேல் திறந்திருந்தது. பதினொரு வருஷத்தில் பெட்டியைத் தவிரச் சேர்ந்தது ஒரு தலையணை, ஒரு பிளாஸ்க், ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரத்தைக் கழற்றத் தெரியாமல் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். நான் கழற்றிக் கொடுத்தேன்.

"அண்ணி, நம்ம வீடு இருக்கு. நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க" என்றேன். இருபது வருஷம் முன்னால் சொன்ன அதே வசனம், இப்போது மார் மட்டும் தட்டவில்லை.

அண்ணி கடிகாரத்தைப் புடவைக்குள் சுற்றி வைத்தார். நிமிராமலே கேட்டார். "நான் உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேனே தம்பி. அது அந்த ரிப்போர்ட்ல வராதா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், எனக்கு அது சுலபம். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மிஷின் விஷயத்தில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று எனக்குத்தானே தெரியும் என்கிற மாதிரி. நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கம்பெனி, ரூல், ஃபார்மில் அதற்கு இடம் இல்லை என்று என்னென்னவோ வந்தது. பாதியிலேயே அண்ணி பெட்டியை மூடி, "சரி, அந்தப் பக்கம் பிடிங்க, கனமா இருக்கும்" என்றார்.

கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கும்போது ஒரு தடவை எண்ணிப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒரே சாவிதான், எண்ண ஒன்றும் இல்லை. வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ரேடியோவைப் போட்டேன், பிறகு அணைத்தேன்.

வீட்டு வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். ஃபோனில் விஷயத்தை அரைகுறையாகச் சொல்லியிருந்தேன். அவள் நேராக அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தோல் உரிந்திருந்ததைப் பார்த்துப் பதறி என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு என் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு, அது வீண் போனதில்லை.

"என்னதாங்க நடந்துச்சு? பதினோரு வருஷமா இருக்கிற ஆளை எப்படி ஒரே நாள்ல அனுப்புவாங்க? நீங்கதானே மிஷினைப் பார்க்கப் போனீங்க? நீங்க அங்க இருந்தும் ஒண்ணும் சொல்லலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"தம்பி எனக்காக எவ்வளவோ எழுதிக் கொடுத்தாரும்மா. என் மேல தப்பே இல்லன்னு பெரிய எழுத்துல எழுதிக் கொடுத்தாரு. நான்தான் பார்க்காம தப்பா எழுதிட்டேன். தம்பி என்ன பண்ணுவாரு, அவருக்கு ஒண்ணும் தெரியாது."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத ஒரு மரியாதை இருந்தது. நான் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தேன். இரண்டு காலும் வெளியே வந்த பிறகும், அண்ணி பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் போகும்வரை, நான் நிமிரவில்லை.